சிட்னி அத்தியும் போன்சாய்க் கலையும்: முதிர்ந்த மரத்துக்கு ஒரு மறுவடிவம்

போன்சாய் என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது ஒரு ஜப்பானியப் பைன் மரம்தான். முறுக்கிய அடிமரம், மாடி மாடியாக அடுக்கிய கிளைகள், உச்சியில் ஒரு சிறு குவிப்பு. காலண்டரிலும் டைரி அட்டையிலும் பார்த்துப் பார்த்து மனசில் பதிந்துபோன உருவம் அது. ‘போன்’ என்றால் தட்டு, ‘சாய்’ என்றால் நடுவது. தட்டில் நடப்பட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. எந்த நாட்டு மரம், எந்த வடிவம் என்றெல்லாம் சொல் எதையும் விதிக்கவில்லை. ஆனாலும் பைன் மரத்து உருவமே நாளடைவில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தை ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் தலையில் 40 ஆண்டு சுமத்திவிட்டு, பிறகு அதைப் பக்குவமாக இறக்கி வைப்பது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

பாறையில் பிறந்த மரம்

நாம் பேசப்போகும் மரம் போர்ட் ஜாக்சன் அத்தி. போர்ட் ஜாக்சன் என்பது சிட்னி துறைமுகத்தின் பெயர். தாவர நூலார் இதனை ஃபைகஸ் ரூபிஜினோசா என்பர். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தெஃபோந்தேன் 1804-இல் வைத்த பெயர் இது. ரூபிஜினோசா என்றால் துருப்பிடித்த நிறமுடையது என்று பொருள். இலையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். அடிப்பக்கம் பழைய இரும்பைப் போலச் செம்பழுப்பாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். (ரோமம் இல்லாத வகையும் உண்டு.)

ஃபைகஸ் என்ற பேரினம் நமக்குப் புதிது அல்ல. ஆல், அரசு, அத்தி மூன்றும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. நம்ம ஊர் அத்திமரம் ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் யாரும் கொண்டுபோய் நடாமலே இயற்கையாக வளர்கிறது. ஆகவே சிட்னி அத்தியின் குணங்களைச் சொன்னால் நமக்கு உடனே பிடிபடும். கிள்ளினால் பால் வரும். பழத்துக்குள்ளேயே பூ. அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக அதற்கென்றே ஒரு குட்டிக் குளவி. பறவை எச்சத்தில் விழுந்த விதை சுவர் இடுக்கிலும் முளைக்கும். முளைத்துவிட்டால் லேசில் போகாது. கோயில் கோபுரத்தில் அரசங்கன்று படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிட்னியைச் சுற்றி இருப்பது மணற்கல் பூமி. கடலோரத்துப் பாறை முகப்புகளில் இந்த அத்தி ஒட்டிக்கொண்டு நிற்கும் கோலம் தனி. வேர் பாறையின் மேல் மெழுகு உருகி ஓடினாற்போல் வழிந்து, வெடிப்பைக் கண்ட இடத்தில் உள்ளே நுழையும். மண் வளமாக இருந்தால் 30 மீட்டர் வரை உயரக்கூடிய மரம், பாறையில் புதராகவே காலம் தள்ளும். எங்கே வளர்ந்தாலும் ஒன்று மட்டும் மாறாது: உயரத்தைவிட அகலம். தூர் பரந்திருக்கும். கிளைகள் தரைக்கு அருகிலேயே பிரிந்து, மேல்நோக்கிச் சாய்வாக எழுந்து, வெளியே ஓடி, நுனியில் தாழும். மொத்தத்தில் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு தலை. முக்கோணமாக நிற்கிற போர்ட் ஜாக்சன் அத்தியைக் காட்டில் தேடினாலும் பார்க்க முடியாது.

பைன் சட்டை போட்ட அத்தி

ஆஸ்திரேலியாவில் போன்சாய் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1960களில் சிட்னியில் சங்கங்கள் அமைந்தன. கையில் கிடைத்த நூல்கள் ஜப்பானியக் கலையைப் பற்றியவை. அவற்றில் இருந்த படங்கள் பைன், ஜூனிபர், மேப்பிள். வளர்க்கக் கிடைத்த உள்ளூர் மரமோ அத்தி. சாக்கடை ஓரத்திலும் செங்கல் சுவரிலும் தானாக முளைத்ததைப் பெயர்த்து வந்தால் செலவே இல்லை. ஆக, மரம் சிட்னியுடையது, இலக்கணம் ஜப்பானுடையது என்று ஆனது. முதல் கிளை இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது பின்னால். ஒவ்வொன்றையும் கம்பி சுற்றிக் கீழே தாழ்த்து. மேலே போகப் போகக் குறுக்கு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளும்போது யாருமே கையில் இருக்கிற பாடத்தைத்தான் பின்பற்றுவார்கள்.

அத்தி அப்போதைக்கு வளைந்து கொடுக்கும். காலப்போக்கில்தான் தன் குணத்தைக் காட்டும். பைன் மரத்தில் பனிக்கட்டியின் பாரம் கிளையை அழுத்தித் தாழ்த்துவது இயற்கை. சிட்னிக் கடற்கரையில் பனி ஏது? அதனால் தாழ்த்திய கிளையிலிருந்து துளிர்கள் நேராக மேல்நோக்கிக் கிளம்பிக்கொண்டே இருக்கும். அதைக் கிள்ளக் கிள்ள அந்த இடம் முண்டு கட்டும். வெயில் முழுக்க உச்சிக்குப் போவதால் மேல் கிளைகள் தடித்து, கீழ்க் கிளைகள் நிழலில் சூம்பும். ஒரே கணுவில் நாலைந்து கொப்புகளை விட்டு வைத்தால் அந்த இடம் புடைத்து, அடிமரம் கீழே மெலிந்து மேலே பருத்த மாதிரி தெரியும். போன்சாயில் இதைவிடப் பெரிய குறை கிடையாது. போதாததற்குக் கம்பி பதிந்த தழும்பு, திருகு திருகாக. இப்படி 30, 40 ஆண்டு ஆன மரங்கள் பல, ஆரோக்கியமாக, ஆனால் எதைப் போலவும் இல்லாமல் நிற்கின்றன. இவற்றைத்தான் மறுவடிவம் செய்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன்னால்

ஒரு மரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டடி உயரம். தூர் ஒரு சாணுக்கு மேல் அகலம். 40 ஆண்டு ஒரே தட்டில் வளர்ந்தது. இடப்பக்கம் தாழ்வாக ஓர் அழகான கிளை, இரண்டு விரல் பருமன், நுனிவரை நுணுக்கமாகச் சிம்பு விட்டது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பாராட்டுவார்கள். மரத்தின் மிகப் பெரிய சிக்கலும் அந்தக் கிளையே.

முதல் ஆண்டு கத்தரியைத் தொடக்கூடாது. இது பலருக்கு ரொம்பக் கஷ்டமான ஆண்டு. நல்ல வெயிலில் வைத்து, தாராளமாகத் தண்ணீரும் உரமும் கொடுத்து, இஷ்டத்துக்கு வளர விட வேண்டும். வெட்டைத் தாங்கும் சக்தி இலையிலிருந்து வருகிறது. இலை குறைவான மரத்தில் பெரிய வெட்டு போட்டால் அது துளிர்க்காமலே காய்ந்துபோகலாம். இந்த ஆண்டில் பார்க்கும் வேலைதான் நிறைய. தூரைச் சுற்றி மேல்மண்ணை ஒரு குச்சியால் மெல்லக் கிளறி ஒதுக்கினால், புதைந்து கிடந்த பழைய வேர்கள் தெரியும். மரத்தின் உண்மையான அடி எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். 40 ஆண்டாக முன்பக்கம் என்று நினைத்தது முன்பக்கமாக இல்லாமலும் போகலாம். தட்டைச் சுழற்றி, ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து, தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது செடி. கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் மரம்.

துணியால் கிளைகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். துணியை எடுத்துவிடலாம், வெட்டினதை ஒட்ட முடியாது.

எந்தக் கிளை போகும்?

கேள்வி எதைச் சேர்ப்பது என்பதல்ல. எதை இழப்பது என்பதே.

நம் மரத்தில் அந்த இடக்கிளை போக வேண்டும் என்பது என் தீர்ப்பு. காரணம் எளிது. அது பைன் மரத்துக் கிளை. அதை வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கிளைகளையும் அதற்குப் பொருத்தமாகத் தாழ்த்தியாக வேண்டும். அத்தியின் ஏறுமுகமான கோடு ஒருபோதும் வராது. அதற்கு நேர் மேலே, சூம்பிப் போனாலும், சரியான கோணத்தில் எழும்புகிற ஓர் இளங்கொப்பு இருந்தால் எதிர்காலம் அதில்தான். அழகானதை எடுத்துவிட்டுச் சூம்பினதை வைப்பதா என்று வீட்டில் சண்டையே வரும். வரட்டும்.

உச்சியையும் குறைக்க வேண்டும். கூர் உச்சியை இறக்கி, பக்கவாட்டுக் கிளைகள் நாலைந்து சேர்ந்து தலையாகும்படி விட்டால், கவிழ்த்த சட்டி உருவம் கிடைக்கும். பைனில் ஒரு தலைவன், அத்தியில் பஞ்சாயத்து.

நேரம் முக்கியம். அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். நம் கார்த்திகையில் அவர்களுக்குக் கோடை பிறக்கிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை, இரவும் சூடாக இருக்கும் நாட்களில்தான் அத்தியில் பெரிய வேலை செய்ய வேண்டும். ஜப்பானிய நூல்கள் மேப்பிள் போன்ற மரங்களுக்குச் சொல்லும் குளிர்காலக் கடைசிக் கணக்கு இங்கே செல்லாது. குளிரில் வெட்டிய அத்தி விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும்.

வெட்டியதும் பால் கொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்தில்லை. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது. பெரிய கிளையை அடிமரத்தோடு ஒட்ட முதலிலேயே வெட்டிவிடாமல் ஒரு சிறு முளை விட்டு வெட்டி, புதுத் துளிர்கள் கிளம்பிய பின் அந்த முளையை எடுப்பார்கள். அப்போது வெட்டு வாயை லேசாகக் குழிவாகச் செதுக்குவது வழக்கம். ஏனென்றால் ஓரத்திலிருந்து புதுப்பட்டை உருண்டு வந்து மூடும்போது, தட்டையான வெட்டாக இருந்தால் புடைப்பு வரும். குழிவாக இருந்தால் சமமாகும். மேலே காயப் பசை பூசிக் காற்றும் பூஞ்சையும் புகாமல் தடுப்பார்கள். கட்டைவிரல் பருமனுள்ள வெட்டு முழுசாக மூடச் சில ஆண்டுகள் பிடிக்கும். கிளை முழுவதையும் வழித்துவிட்ட மொட்டைக் கட்டையிலிருந்துகூட, பழைய இலைத் தழும்புகளின் ஓரத்தில் துளிர் விடும் வரம் அத்திக்கு உண்டு. மறுவடிவம் என்ற பேச்சே இந்த வரத்தின் தைரியத்தில்தான்.

வெட்டிய மரத்தை ஜப்பானில் ஜூனிபருக்குச் செய்வதுபோல் பட்டை உரித்து, வெள்ளையாகப் பட்ட கொம்பாக வைக்கும் ஆசை சிலருக்கு வரும். அத்தியில் அது வேண்டாம். இதன் கட்டை மென்மையானது; ஈரத்தில் சீக்கிரம் மக்கிப்போகும். நிஜ அத்திமரத்தில் பட்ட கொம்பு கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. அது விழுந்து, இருந்த இடம் பொந்தாகும். பொந்து வைக்கலாம், பொருந்தும்.

கம்பியா, கத்தரியா?

மீந்த கிளைகளுக்கு இனி வளைவு வேண்டும். அலுமினியக் கம்பி சுற்றுவது ஒரு வழி. ஆனால் கோடையில் அத்திக் கிளை பருக்கும் வேகத்துக்குச் சில வாரத்திலேயே கம்பி பட்டையில் அழுந்தும். கவனிக்காமல் விட்டால் பழைய தழும்போடு புதுத் தழும்பும் சேரும். நன்றாக முற்றிய கிளை வளையவும் வளையாது. அதனால் இளங்கொப்புகளுக்கு மட்டும் கம்பி, முற்றியதற்குக் கயிறு போலக் கம்பியைக் கட்டித் தட்டின் விளிம்போடு இழுப்பது என்று பிரித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. தென்சீனாவின் குவாங்துங் மாநிலத்தில் லிங்நான் மரபு என்று ஒன்று உண்டு. அங்கே வெப்பமும் மழையும் தாராளம், மரங்கள் வேகமாக வளரும். கிளையை வளர விடு; வேண்டிய பருமன் வந்ததும் குட்டையாக வெட்டு; அதிலிருந்து வேறு திசையில் கிளம்பும் துளிரை வளர விடு; மறுபடி வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரு திருப்பம். கம்பியே இல்லாமல், கணுக்கணுவாக மடங்கி, நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகிற கிளை கிடைக்கும். நிஜ மரத்தின் கிளையும் காற்றில் ஒடிந்து, வேறு பக்கம் துளிர்த்து, இப்படித்தானே உருவாகிறது? பனியில் மெல்ல வளரும் பைனுக்கு இது சரிப்படாது. அத்திக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை.

கிளைகள் ஓரளவு அமைந்த பிறகு, ஓரிரு ஆண்டு கழித்து, இலை உருவுதல். கோடைத் தொடக்கத்தில், திடமான மரத்தில், காம்பை விட்டுவிட்டு இலைகளைக் கத்தரித்து எடுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் புது இலைகள் சிறியனவாக வரும். காட்டில் ஒரு விரல் நீளம் உள்ள இலை, தட்டில் காசளவுக்கு வந்துவிடும். உள்ளே வெயில் புகுவதால் உட்கிளைகளும் துளிர்க்கும். சூம்பின கிளைகளின் இலையைத் தொடாமல் விட வேண்டும்; அவை தேறுவதற்கு அதுதான் வழி.

வேர் வேலையை எப்போது செய்வது என்பதில் இரண்டு கட்சி. தட்டு மாற்றி வேரை வெட்டும்போதே இலைகளையும் உருவிவிட வேண்டும், இலை இல்லாத மரம் நீரை இழக்காது என்பார்கள் ஒரு சாரார். இளமரத்துக்கு அது சரி. பெரிய வெட்டு வாங்கிய முதிர்ந்த மரத்தை அதே கோடையில் வேரிலும் தொடுவது பேராசை. அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடலாம் என்பது என் கட்சி. தட்டு மாற்றும்போது ஆழம் குறைந்த, அகலமான தட்டாக மாற்றினால் பாறைப் பரப்பு போலத் தோன்றும். மணற்கல் துண்டு ஒன்றைத் தூருக்கு அடியில் வைத்து வேர்களை அதன்மேல் படரவிடுவதும் உண்டு. விழுது வேண்டுமானால், காற்றில் தொங்கும் சிறு வேரைக் குளிர்பானம் உறிஞ்சும் குழாய்க்குள் விட்டு, ஈரப்பாசி திணித்து மண்வரை இறக்குவார்கள். ஈரம் காயாமல் இருந்தால் தரையைத் தொட்டதும் பருக்க ஆரம்பிக்கும். ஆனால் இந்த மரத்துக்கு விழுது மிதமாக இருக்கட்டும். பத்து விழுது விட்டால் நம்ம ஊர் ஆலமரம் ஆகிவிடும். சிட்னி அத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அத்திக்கு மட்டுமே பொருந்தும். ஆஸ்திரேலிய மரம் என்பதற்காக எல்லாவற்றையும் இப்படி வெட்டிவிடக் கூடாது. அங்கே டீ-ட்ரீ என்கிறார்களே, லெப்டோஸ்பெர்மம், நம் நாவலுக்கும் கொய்யாவுக்கும் தூரத்துச் சொந்தம் (தேயிலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை), அதில் இலை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் அந்தக் கிளை போனது போனதுதான். பேங்க்சியாவுக்குச் சாம்பலும் எலும்புத்தூளும் போட்டு அன்பு காட்டினால், அதிலுள்ள மணிச்சத்தே விஷமாகும். சத்தில்லாத மண்ணில் பழகிய வேர் அதனுடையது. நீலகிரிக்காரர்களுக்குத் தெரிந்த தைல மரம், அதாவது யூகலிப்டஸ், தனக்கு வேண்டாத கிளையைத் தானே உதறிவிடும். நாம் ஆசையாக வைத்த கிளையும் அந்தப் பட்டியலில் சேரலாம்.

பழைய கைக்கு என்ன மரியாதை?

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் 2008-இல் ஒரு தேசியப் போன்சாய்த் தொகுப்பு ஆரம்பிக்கப்பட்டது. 2003-இல் பெருந்தீ எரித்த நிலத்தில் உருவாகி 2013-இல் திறக்கப்பட்ட தேசிய மரத்தோட்டத்தில் இப்போது அது இருக்கிறது. நாடெங்கும் உள்ள வளர்ப்பாளர்களின் மரங்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. உள்நாட்டு மரங்களுக்கும் நல்ல இடம். கான்பராவின் உறைபனிக் குளிரில் அத்தி போன்றவற்றுக்குப் பாதுகாப்பும் தேவைப்படுகிறது.

இம்மாதிரித் தொகுப்பு வந்ததும் ஒரு கேள்வியும் சேர்ந்து வந்தது. ஒருவர் 40 ஆண்டு வளர்த்து விட்டுப்போன மரத்தை அடுத்தவர் மாற்றலாமா? முதல் தலைமுறை வளர்ப்பாளர்கள் முதுமை அடைந்து, மரங்கள் பிள்ளைகளிடமோ சங்கத்திடமோ வருகின்றன. அந்தப் பைன் வடிவமும் ஒரு வரலாறுதானே, அந்தக் காலத்து ஆட்கள் எப்படிக் கற்றார்கள் என்பதற்குச் சாட்சி, அப்படியே வைப்போம் என்று வாதிடலாம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஓவியத்தைப் பாதுகாக்கலாம், அது மேலும் வளராது. மரத்தை அப்படியே வைப்பது என்று ஒன்று இல்லவே இல்லை. சும்மா விட்டாலே இரண்டு கோடையில் பழைய வடிவம் தொலைந்துவிடும். காப்பாற்ற வேண்டுமானாலும் ஒரு கை ஓயாமல் வெட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் மாற்றுமுன் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, வளர்த்தவர் பெயர், வெட்டிய நாள், காரணம் எல்லாவற்றையும் எழுதி மரத்தோடு வைப்பது கடமை. வளர்த்தவர் உயிரோடு இருந்தால் அவரை உட்கார வைத்துக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். துணியால் கிளையை மறைத்துக் காட்டினால் பல சமயம் அவரே சரி என்பார்.

அந்த இடக்கிளையை இழக்காமலிருக்கவும் ஒரு வழி இருக்கிறது. நம்ம ஊரில் கொய்யாவுக்கும் மாதுளைக்கும் போடுகிற விண்பதியம்தான். கத்தரியைத் தொடாத அந்த முதல் கோடையிலேயே, கிளையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, ஈரப்பாசி வைத்து, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டிவிட வேண்டும். கோடை வெப்பத்தில் அத்தி இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் வேர் விட்டுவிடும். தாளுக்குள் வெள்ளை வேர்கள் ஓடி, பழுப்பாக மாறுவது வெளியிலிருந்தே தெரியும். வேர் நன்றாக நிறைந்தபின் கட்டுக்குக் கீழே அறுத்து, பாசியை உதறாமல் தனித் தட்டில் நட்டு, சில வாரம் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவர வேண்டும். மிச்சமிருக்கும் முளையை அடுத்த கோடையில் எடுத்துக்கொள்ளலாம். இடக்கிளையாக இருந்தபோது தாழ்ந்திருந்தது இப்போது நிமிர்த்தி நடப்படுவதால், அந்த நுணுக்கமான சிம்புகளோடு சாய்ந்த ஒரு சிறு மரமாக அது நிற்கும். அதை வளர்த்தவர் வீட்டுக்கே கொடுத்துவிடுவது நல்ல வழக்கம்.